ராத்திரிக்கு எங்கே தங்குவது?

ஐரோப்பா போகலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்ததும் ஆளுக்கொரு ஆசை வெளியே வந்தது. அப்பாவுக்கு ஈபிள் கோபுரம். அம்மாவுக்குப் பனிமலை. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்ப்பா, ராத்திரிக்கு எங்க தங்கறது?" என்றார். நீண்ட பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி முடித்துவிட்டு, கடைசியில் அறை தேடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எங்கே படுக்கிறோம் என்பது முடிவானால், எந்த ரயில், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் தானாகவே ஒழுங்குக்கு வரும்.

அத்தைக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்த பாடமில்லை. நாங்கள் பாலசமுத்திரத்துக்காரர்கள். சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மண்டலம். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையைத் திருத்தியபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குப் போயின, நாங்கள் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், மண்டல ஆபீசில் தெலுங்கு. எந்தத் திசையில் போனாலும் சாலையில் திருப்பதிக்குப் போகிற வண்டி ஒன்று எதிர்ப்படும். வெளியூர் உறவுக்காரர்கள் எங்களைக் கூப்பிடுவதே பெரும்பாலும், "திருமலையில் ரூம் கிடைக்குமா?" என்று கேட்கத்தான். மூன்று மாதத்துக்கு முன்பே தேவஸ்தானம் அறைகளைத் திறந்துவிடும், திறந்த சில நிமிடங்களில் முடிந்துவிடும், மலைமேல் கிடைக்காவிட்டால் கீழே பஸ் ஸ்டாண்டு எதிரில் சீனிவாசம், ரயில்வே ஸ்டேஷன் எதிரில் விஷ்ணு நிவாசம் என்று அத்தை பட்டியலே சொல்வார். அந்த இரண்டு கட்டடங்களும் எங்கே கட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஒன்று பஸ் வந்து நிற்கிற இடத்தில், மற்றொன்று ரயில் வந்து நிற்கிற இடத்தில். இரவு எத்தனை மணிக்கு வந்து இறங்கினாலும் மூட்டையோடு தெருவைக் கடந்தால் அறை. ஐரோப்பாவில் தங்குமிடம் தேடும்போது நான் கையில் எடுத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: ரயிலை விட்டு இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்குள் நடந்து சேர முடிகிறதா?

பயணத்துக்கு வசந்தத்தின் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மே, ஜூனில் நம் பள்ளி விடுமுறைக் கூட்டமும், ஜூலை, ஆகஸ்டில் அவர்களுடைய விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். விசா மையத்தில் நேரம் கிடைப்பதிலிருந்து அறை வாடகை வரைக்கும் எல்லாம் இறுகிவிடும். மார்ச்சில் அந்த நெருக்கடி இல்லை. குளிர் இருக்கிறது. பாரிஸில் பகலில் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் சுமார், இரவில் ஐந்து. ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் நனையாத ஷூவும் இருந்தால் அறுபது வயதைத் தாண்டியவர்களும் தாங்கக்கூடிய குளிர்தான். கீழே புல் பச்சையாகத் துளிர்க்க, மேலே மலையில் பனி கலையாமல் இருக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கக் கிடைக்கும் காலம் இது.

ஆனால் மார்ச்சுக்குள் ஒரு பள்ளம் ஒளிந்திருக்கிறது, ஈஸ்டர். வசந்த சமநாளுக்குப் பின் வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்பதால் தேதி ஆண்டுக்காண்டு நகரும். பங்குனி உத்திரம் எப்போது என்று தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் ஈஸ்டரும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். பெரிய வெள்ளி தொடங்கி ஈஸ்டர் திங்கள் வரையிலான அந்த நாலு நாளில் ஐரோப்பாவே இடம்பெயர்கிறது. ரோம் நிரம்பி வழியும். சுவிட்சர்லாந்தில் காட்ஹார்ட் சாலைக் குகைக்கு முன்னால் கார்கள் மைல்கணக்கில் நிற்கும். கடைகள் பல ஊர்களில் பூட்டிக் கிடக்கும். அறை வாடகை ஏறும், வேகரயில் டிக்கெட்டும் ஏறும். 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-இல் மார்ச் 28-க்கே வந்துவிடுகிறது. அதே மார்ச் 28 விடியற்காலையில்தான் ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளி வைக்கப்போகிறது, ஏனென்றால் மார்ச்சின் கடைசி ஞாயிறு அதற்கான நாள். அதுவரை நமக்கும் பாரிஸுக்கும் நாலரை மணிநேர வித்தியாசம், அன்றிலிருந்து மூன்றரை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் பிடிக்கிறவர்கள் தூங்கப்போகும் முன்பே மனதில் போட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது. 2027-இல் போகிறவர்கள் மார்ச் 24-க்குள் முடித்துக்கொண்டு திரும்பலாம், இல்லையென்றால் ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கலாம். நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எல்லையோரக்காரர்களுக்குப் புறப்படுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்குத் திருப்பதி சேவா கேந்திரம். விமானத்துக்குச் சென்னை, ஏனென்றால் ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் பறக்க வழியில்லை. விசாவுக்கு எங்கே என்பதுதான் கேள்வி. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளில் சில, விண்ணப்பதாரர் வசிக்கும் மாநிலத்தைப் பார்த்துத்தான் எந்தத் தூதரகம் என்று பிரிக்கின்றன. பள்ளிப்பட்டுக்காரருக்குப் பொருந்துவது பக்கத்திலேயே இருக்கும் பாலசமுத்திரத்துக்காரருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே நேரம் பதிவு செய்வதற்கு முன்பே, ஆந்திர முகவரியோடு சென்னையில் கொடுக்கலாமா என்று அந்தந்த நாட்டின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். கார் ஏற்பாடு செய்யும்போதும், மாநில எல்லையைத் தாண்ட அந்த வண்டிக்குப் பர்மிட் போடப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். இங்கிருந்து திருத்தணி வழியாக மீனம்பாக்கம் மூன்று மணிநேரம். இரவு விமானத்துக்குப் போகும்போது சோதனைச் சாவடியில் நிற்க நேரமிருக்காது.

விசாவும் தங்குமிடமும் ஒன்றோடொன்று பின்னியவை. ஷெங்கன் என்பது இன்றைக்கு 29 நாடுகள். ஒரு விசா எல்லாவற்றுக்கும் செல்லும், லண்டனுக்குச் செல்லாது. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் சம இரவுகள் என்றால் முதலில் நுழைகிற நாடு. அதாவது, எங்கே எத்தனை இரவு என்று எழுதி முடிக்காமல் விண்ணப்பப் படிவத்தையே திறக்க முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், பயணம் பதினைந்து நாளுக்குள் என்றால் கொடுக்க முடியாது. முடிவு பதினைந்து நாளில் வர வேண்டும் என்பது விதி, சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை நீளலாம் என்பதும் விதிதான். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் 45, அதற்குக் கீழ் இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். மார்ச் கடைசிப் பயணம் என்றால் அக்டோபரில் அறை தேடத் தொடங்கி, டிசம்பருக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்ல கணக்கு.

விண்ணப்பத்துக்கு ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள். இங்கேதான் ஏஜெண்டுகள் சிலர், "விசாவுக்கு ஒரு புக்கிங் போட்டுத் தருகிறோம், பிறகு உங்களுக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள். பொய்யான ஆதாரம் என்று தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், அடுத்த விண்ணப்பத்துக்கும் அந்தக் கறை தொடரும். அதற்கு அவசியமும் இல்லை. கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறைகள் மார்ச் மாதத்துக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. உண்மையிலேயே தங்க விரும்பும் அறையையே அப்படிப் பதிவு செய்துவிடலாம். விமான டிக்கெட்டைப் பொறுத்தவரை, விசா கையில் வருவதற்குமுன் திரும்பப் பெற முடியாத பணத்தைக் கட்டாமல் இருப்பது நல்லது.

நாலு பேர், பன்னிரண்டு இரவு, மூன்றே தங்குமிடங்கள். இதுதான் எங்கள் திட்டத்தின் எலும்புக்கூடு. டூர் கம்பெனிகளின் பட்டியலில் பன்னிரண்டு நாளுக்கு ஏழெட்டு ஊர் இருக்கும். ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பாதிப் பகல் கழிவதும் வயதானவர்களை உருக்குலைத்துவிடும். ஓர் ஊரில் நாலு இரவு தங்கினால் நடுவில் மூன்று முழு நாட்கள் வெறுங்கையோடு சுற்றலாம். மழை பெய்தால் ஒரு மதியம் அறையில் படுத்துக்கொள்ளலாம். அடுத்த நாள் அதே ரொட்டிக்கடைக்காரர் முகம் பார்த்துச் சிரிப்பார். பெரியவர்களுக்கு ஊர் என்பது அப்போதுதான் ஊராகிறது.

டிக்கெட்டையும் இதற்கேற்ப எடுத்தோம். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, ஜூரிக்கில் ஏறுவது. மல்டி சிட்டி என்று தேடினால் போக வர டிக்கெட்டுக்கு ஒட்டிய விலையிலேயே பெரும்பாலும் கிடைக்கும். இறங்கிய ஊருக்கே திரும்பி வர ஒரு நாளையும் ஒரு ரயில் கட்டணத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து லுஃப்தான்சா நேராக ஃபிராங்ஃபர்ட் போகிறது. அங்கே மாறினால் ஷெங்கன் குடியேற்றச் சோதனை ஃபிராங்ஃபர்ட்டிலேயே நடந்துவிடும், ஆம்ஸ்டர்டாமில் இல்லை. 2025 அக்டோபர் 12 முதல் கட்டம் கட்டமாக வந்த புதிய நுழைவுப் பதிவு முறையில், முதல் தடவை வருகிறவர்களின் முகப்படத்தை எல்லையிலேயே எடுத்துப் பதிவு செய்கிறார்கள். வரிசை நீளும். இணைப்பு விமானத்துக்கு மூன்று மணிநேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தங்குமிடத்தை ஆம்ஸ்டர்டாமில் வைக்கவில்லை. அங்கே அறை வாடகையோடு பன்னிரண்டரை விழுக்காடு நகர வரி சேர்கிறது. 2026-இலிருந்து நெதர்லாந்து முழுவதும் தங்குமிடங்களுக்கான மதிப்புக் கூட்டு வரியும் 9-இலிருந்து 21 விழுக்காடாக ஏறியிருக்கிறது. அதோடு ஆம்ஸ்டர்டாமின் நகர வரியையும் சுமக்க வேண்டாம் என்று லெய்டன். ஸ்கிபோல் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம், அங்கிருந்து இருபது நிமிடத்துக்குள் லெய்டன். ஆம்ஸ்டர்டாமுக்கு முக்கால் மணிக்குள் போகலாம், ஹேக் இன்னும் பக்கம். கியூகன்ஹாஃப் மலர்த் தோட்டத்துக்கு லெய்டன் ஸ்டேஷன் வாசலிலிருந்தே 854-ஆம் எண் பஸ். 1950-இல் மக்களுக்குத் திறந்த அந்தத் தோட்டம் ஆண்டில் எட்டு வாரம்தான் திறந்திருக்கும், மார்ச் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். சுமார் 70 லட்சம் கிழங்குகளை ஒவ்வோர் ஆண்டும் கையால் நடுகிறார்கள். இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மார்ச் கடைசியில் போகிறவர்கள் சினிமாவில் பார்த்த துலிப் வயல்களை எதிர்பார்க்கக் கூடாது. வயல் பூப்பது ஏப்ரல் நடுவில். தொடக்கத்தில் குரோக்கஸும் நார்சிசஸும் ஹயசிந்தும்தான் திறந்தவெளியில் விரிந்திருக்கும், துலிப்புகளைக் கூடாரங்களுக்குள் பார்க்கலாம். அம்மாவுக்கு அந்த ஹயசிந்து வாசனையே போதுமானதாக இருந்தது.

லெய்டனைத் தேர்ந்தெடுத்ததற்கு என் சொந்தக் காரணம் இன்னொன்றும் உண்டு. ராஜராஜ சோழன் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் நெடுங்காலம் இருந்தது இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான். லெய்டன் செப்பேடுகள் என்று வரலாற்று வகுப்பில் படித்த பெயர். ஸ்டேஷனை விட்டு இறங்கிக் கால்வாய் ஓரமாக நடக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததில் எனக்கு இருந்த நிறைவை வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கச் சிறிது நேரமானது.

டச்சு வீடுகளின் படிக்கட்டு செங்குத்தானது. பழைய கட்டடங்களில் ஏணியில் ஏறுவதுபோல் ஏற வேண்டும். பதிவு செய்யும்போதே லிஃப்ட் உண்டா என்று பாருங்கள், இல்லையென்றால் தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அங்கே முதல் தளம் என்றால் தரைக்கு மேலே ஒரு மாடி. ஓர் அறையில் எத்தனை பேர் என்பதிலும் அவர்கள் கண்டிப்பு. திருப்பதியில் ஒரு அறையில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் படுக்கிற வழக்கத்தை அங்கே கொண்டுபோக முடியாது. இருவருக்கான அறை இருவருக்கே. நாலு பேர் என்றால் இரண்டு அறை, அல்லது சமையலறையோடு ஒரு அபார்ட்மெண்ட். அறை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள். நம் விமானங்களோ காலையில் போய்ச் சேரும். முதல் நாளுக்கு எந்த டிக்கெட்டும் எடுக்காமல், பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுப் பக்கத்துத் தெருக்களில் மெதுவாக நடக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்தில் ரயில், பஸ், டிராம் எதற்கும் டிக்கெட் வரிசை தேவையில்லை. விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை காட்டினால் போதும். ஓர் அட்டைக்கு ஒரு பயணிதான். நாலு பேருக்கு நாலு அட்டை வேண்டும் என்பதைச் சென்னையிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கும் அத்தைக்கும் வெளிநாட்டில் செல்லும் பயண அட்டை வாங்கியது அதனால்தான்.

லெய்டனிலிருந்து ரோட்டர்டாம் போய் அங்கே யூரோஸ்டார் ஏறினால் மூன்று மணிநேரத்துக்குள் பாரிஸின் கார் து நோர். நம் ரயில்வேயில் 2024 நவம்பரிலிருந்து அறுபது நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது, இடம் தீர்ந்தால் வெயிட்டிங் லிஸ்ட். அங்கே வெயிட்டிங் லிஸ்ட் என்பதே கிடையாது. சில மாதத்துக்கு முன்பே திறப்பார்கள், நாள் நெருங்க நெருங்க விமான டிக்கெட்போல விலை ஏறும். யூரோஸ்டார், டிஜிவி போன்ற வேகரயில்களை விசா வந்த அன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது. உள்ளூர் ரயில்களுக்கு அந்த அவசரம் கிடையாது, அன்றைக்கும் அதே விலை. யூரெயில் பாஸ் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு யூரெயில்தான், இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. தினமும் ஊர் மாறுகிற இளைஞர்களுக்கு அது லாபம். மூன்றே தங்குமிடம் வைத்திருப்பவர்களுக்குத் தனித்தனி டிக்கெட் போதும். பாஸ் கையில் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி வேகரயில்களுக்கு இருக்கைக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். ரயில் ஒரு மணிநேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணிநேரம் தாமதமானால் பாதியும் திரும்பக் கேட்க ஐரோப்பிய ஒன்றிய விதியில் இடமுண்டு. பலர் கேட்பதில்லை. கேளுங்கள்.

பாரிஸுக்குள் ரயில்கள் ஊரைக் கடந்து போவதில்லை. வடக்கிலிருந்து வருவது கார் து நோரில் நின்றுவிடும். தெற்குக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போவது கார் து லியோனில் கிளம்பும். சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏறுவதுபோன்ற ஏற்பாடு என்றதும் அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஆர்இஆர் டி ரயிலில் பத்து நிமிடம் சுமார். நாங்கள் கார் து நோர் பக்கத்தில் அறை எடுத்தோம். அங்கே ஜேப்படித் திருடர்கள் உண்டு, இரவில் சந்தடி உண்டு என்று எச்சரித்தார்கள். எச்சரிக்கை சரிதான், பையை முன்பக்கம் போட்டுக்கொண்டோம். ஆனால் நடந்து போகிற தூரத்தில் லா ஷப்பல் இருக்கிறது. எண்பதுகளிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு. தமிழில் பெயர்ப்பலகை, வாழைக்காய், முருங்கைக்காய், பூக்கடை, இடியாப்பம், சோறு. 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பக்கத்தில்தான். முட்டை கலக்காத சாப்பாடு மட்டுமே சாப்பிடுகிற அத்தைக்கு நாலு நாளும் கவலையில்லாமல் போனது. "எந்த ஊரும்மா நீங்க?" என்று கடைக்கார அம்மா கேட்க, அத்தை திருப்பதி பக்கம் என்று சொல்ல, அந்த அம்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டில் நம்மவர் இருக்கிற பகுதியாகப் பார்த்து அறை எடுப்பதைச் சிலர் குறுகிய பார்வை என்பார்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அது பெரிய பலம் என்பேன்.

பாரிஸ் மெட்ரோவுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஒரே சீரான கட்டணம், அப்போது 2.50 யூரோ, விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட். வாரப் பாஸ் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். வியாழக்கிழமை போய் இறங்குகிறவருக்கு அதனால் பயனில்லை. ஊர் வரிசையை அமைக்கும்போதே பாரிஸைத் திங்களில் தொடங்கும்படி வைத்தால் நாலு பேருக்கு நல்ல மிச்சம். ஈபிள் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட்டுகள் அறுபது நாளுக்கு முன் திறக்கும், உடனே எடுத்துவிட வேண்டும். அபார்ட்மெண்ட் எடுக்கிறவர்கள் விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த வீட்டை ஆண்டுக்கு 90 நாள் மட்டுமே சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாம் என்று 2025 முதல் பாரிஸ் இறுக்கிவிட்டது. எண் இல்லாத வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப் போகலாம்.

கார் து லியோனிலிருந்து பாசெல் வழியாக லூசெர்ன். சுவிட்சர்லாந்தில் விலையைக் கேட்டால் மனசு சுருங்கும். ஆனால் அந்த நாடு விருந்தாளிக்குக் கொடுக்கிற ஒரு மரியாதை பலருக்குத் தெரிவதில்லை. பாசெலிலும் ஜெனீவாவிலும் ஓட்டலில் பதிவு செய்தவுடன் நகரப் போக்குவரத்துக்கான இலவச அட்டை தருகிறார்கள். லூசெர்னிலும் நகர பஸ் இலவசம். அறை வாடகையை ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பாருங்கள். மலைக்கு அப்பா யுங்ஃப்ராயோக் என்று பெயர் சொல்லிவைத்திருந்தார். 3,454 மீட்டர், ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தாலும் அங்கே தள்ளுபடிதான், முழுதும் செல்லாது. அந்த உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதும் பெரியவர்களுக்கு யோசிக்க வேண்டிய விஷயம். அதற்குப் பதில் ரிகி மலைக்குப் போனோம். லூசெர்ன் துறையில் கப்பல் ஏறி, ஏரியைக் கடந்து விட்ஸ்னாவில் இறங்கி, 1871-இல் போட்ட பல்சக்கர ரயிலில் மேலே. ஐரோப்பாவின் முதல் மலைப் பல்சக்கர ரயில் அதுதான். கப்பலும் ரயிலும் பாஸிலேயே அடங்கிவிடும். வசந்தத் தொடக்கத்தில் கப்பல்கள் குளிர்கால அட்டவணைப்படி குறைவாகத்தான் ஓடும், முதல் நாளே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் முழங்கால் பனி, கீழே ஏரிக்கரையில் மஞ்சள் பூ. எங்கள் திருமலைக்கு வண்டிச்சாலை வந்ததே 1944-இல்தான், அதற்கு முன் நடைதான், டோலிதான் என்று அத்தை பனியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தாலிக்குப் போகிறவர்கள் லூசெர்னிலிருந்து 57 கிலோமீட்டர் காட்ஹார்ட் ரயில் குகை வழியாக மிலானுக்குத் தொடரலாம். எங்களுக்கு நாள் போதவில்லை. ஆனால் ரோமில் தங்குவதைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. அங்கே கன்னியாஸ்திரீகளும் துறவிகளும் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் நிறைய. எந்த மதத்தவரும் தங்கலாம். அறை எளிமையாகவும் சுத்தமாகவும் இருக்கும், வாடகை நியாயமாக இருக்கும். பல இல்லங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் கதவு பூட்டிவிடுவார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவின் பழைய தங்குமிடங்கள் பலவும் யாத்திரிகர்களுக்காக உண்டானவைதான். ஆல்ப்ஸில் 2,469 மீட்டர் உயரத்தில் கிராண்ட் செயிண்ட் பெர்னார்ட் கணவாயில், பதினோராம் நூற்றாண்டில் துறவிகள் தொடங்கிய சத்திரம் இன்றும் வழிப்போக்கருக்குக் கதவு திறக்கிறது. ஸ்பெயினில் சந்தியாகோவுக்கு நடந்து போகிறவர்களுக்கு ஊருக்கு ஊர் மடம் உண்டு. திருப்பதியில் மடங்களும் சத்திரங்களும் எதற்காக எழுந்தனவோ அதற்காகவே இவையும் எழுந்தன. நம் ஊர் முதியவர்களை நட்சத்திர ஓட்டலின் பளபளப்புக்குள் தள்ளுவதைவிட இந்த இல்லங்களில் தங்கவைத்தால் கூச்சமில்லாமல் இருப்பார்கள். அடுத்த பயணம் அமைந்தால் ரோமில் இப்படி ஓர் இல்லத்தைத்தான் முதலில் தேடுவேன்.

சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி. நெய், பால்கோவா, பால் பொடி, இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணியின் பையில் போகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை கூடாது, சித்தூர் மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐந்துக்கும் மட்டும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அரிசி, ரசப்பொடி எடுத்துப் போகலாம். அபார்ட்மெண்டில் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, புகைபோக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். கூரையில் இருக்கும் புகை உணரி கடுகு வெடிப்பதற்குள் அலறும். சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். அரிசியும் தயிரும் அங்கே கிடைத்தன.

பெட்டி ஒருவருக்கு ஒன்று, தன் பெட்டியைத் தானே தூக்கிப் படியேற முடிகிற எடை. கூலியாட்கள் அங்கே இல்லை. வீட்டு மாடிப்படியில் பெட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்க்கும்படி அத்தையிடம் சொன்னேன். மூன்று புடவையும் ஒரு சம்புடமும் வெளியே வந்தன.

கடைசி இரவுக்கு மட்டும் லூசெர்னை விட்டுவிட்டு ஜூரிக் வந்துவிட்டோம். அது மூன்று தங்குமிடக் கணக்கை உடைக்கிறதே என்று அப்பா கேட்டார். லூசெர்னிலிருந்து விமான நிலையத்துக்கு நேர் ரயில் இருக்கிறது, ஒரு மணிநேரத்துக்குச் சற்றே கூடுதல். மதிய விமானமாக இருந்தால் அங்கிருந்தே கிளம்பியிருக்கலாம். எங்களுக்குக் காலை விமானம். ஜூரிக் பெரிய ஸ்டேஷனிலிருந்து விமான நிலையம் பத்துப் பன்னிரண்டு நிமிடம், விடிவதற்கு முன்பே ரயில்கள் தொடங்கிவிடுகின்றன. காலை எட்டு மணிக்கு முன் விமானம் என்றால் முந்தைய இரவு விமான நிலையத்தை ஒட்டிய ஊரில், அதற்குப் பிந்தியது என்றால் இருக்கிற அறையிலேயே. இந்தக் கணக்கை விமான டிக்கெட் எடுக்கும் நாளிலேயே போட்டு, அந்த ஒரு இரவையும் விசா விண்ணப்பத்தின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.